யார் ஏட்டில் யார் பெயர்? தள்ளுவண்டி உணவும் பதிவேட்டு அரசியலும்



அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவுக்குத் தள்ளுவண்டிக் கடையா தலைப்பு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டிருக்கிறார்கள். இலக்கிய அமைப்பின் மேடையில் லைசென்ஸ், ரெஜிஸ்டர், ரசீது பற்றியெல்லாம் என்ன பேச்சு என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கும் இன்னொரு கேள்வி. பதிலை அம்பேத்கரின் எழுத்திலிருந்தே தொடங்குகிறோம்.

‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு தன்வரலாற்றுக் குறிப்பில் பரோடா நிகழ்ச்சி வருகிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்பி, சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்தவருக்குத் தங்க இடம் இல்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பார்சி விடுதிக்குப் போகிறார். அங்கே பார்சிகள் மட்டுமே தங்கலாம். விடுதிக் காப்பாளர் ஒரு வழி சொல்கிறார்: பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டால் தங்கலாம். எழுதுகிறார்கள். நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகை. பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, நீ யார் என்று கேட்கிறது.

இந்தக் கதையை நாம் எல்லோரும் தீண்டாமையின் சாட்சியாகப் படித்திருக்கிறோம். அதில் ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது என்பதை அவ்வளவாகக் கவனித்ததில்லை. பத்து நாள் அவருக்குக் கூரை கொடுத்தது அந்த ஏட்டில் இருந்த பெயர். அவரை வெளியே தள்ளியதும் அதே பெயர்தான்.

ஏட்டோடு நம் மக்களுக்கு உள்ள உறவு எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. இன்று அந்த நிலத்தைக் கேட்டுப் போகிறவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் பழைய பதிவேட்டின் ஒரு பக்கம். அந்தப் பக்கம் கிடைத்தால் வழக்கு உண்டு. கிடைக்காவிட்டால் வழக்கே இல்லை. அதே காலத்து அரசு ஏடுகள்தாம் நம்மை இன்ன சாதி, இன்ன தொழில் என்று கட்டம் போட்டும் வைத்தன. அதனால் “பதிவே வேண்டாம்” என்று சொல்லும் வசதி நமக்கு இல்லை. பதிவு என்றதும் கைதட்டும் வசதியும் இல்லை.

இனி வண்டிக்கு வருவோம். பெருநகரங்களில் உணவு விற்கும் வண்டிகளை நம் தோழர்கள் பல வருடங்களாகப் பார்த்துவருகிறார்கள். காலையில் இட்லி, ஆப்பம். பதினொரு மணிக்கு மோர், கூழ். மாலையில் சுண்டல், மீன் வறுவல், பரோட்டா சால்னா, சில தெருக்களில் பீஃப் சில்லி. கையேந்தி பவன் என்று கேலியாகப் பெயர் வைத்த நகரம், அந்தக் கையேந்தல் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ஆட்டோ ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, இரவுக் காவலாளி, தூய்மைப் பணியாளர், விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்: சாப்பிடுகிறவர்களும் பெரும்பாலும் நம் ஆட்கள்தாம். விற்பவர்களில் கணவனை இழந்த பெண்கள், வேலை போன ஆலைத் தொழிலாளிகள், குடிசையை இடித்து நகருக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டு, வண்டிக்காக மட்டும் தினமும் பஸ் ஏறித் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களைப் பற்றிய ஏடு எது என்று தேடிப் பாருங்கள். இரண்டு சட்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். தெருவில் கூவி விற்பவர், தற்காலிகக் கடை வைத்திருப்பவர் எல்லோரும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. பதிவு செய்துகொண்டால் போதும் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. 2011இல் வந்த ஒழுங்குமுறை, வருட வரவு 12 லட்சத்துக்கு உட்பட்டவர்களை இந்தச் சிறு வியாபாரிப் பிரிவில் வைத்தது. வருடத்துக்கு 100 ரூபாய் கட்டணம். தயாரிப்பு, பரிசோதனை, பூச்சிக் கட்டுப்பாடு என்று ஆவணங்களை எழுதி ஒரு வருடம் பாதுகாக்கும் கடமை லைசென்ஸ் வாங்கும் பெரிய நிறுவனங்களுக்கு. வண்டிக்காரருக்குச் சுத்தம் பற்றிய விதிகள் உண்டு. கணக்கெழுதும் சுமை குறைவு. சட்டம் எழுதியவர்கள் இந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பதிவுச் சான்றையும் புகைப்பட அட்டையையும் வண்டியில் எல்லோர் கண்ணிலும் படும்படி எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது, 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். பல்லாண்டுப் போராட்டத்தின் விளைவு அது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சட்டம் ஏடு எழுதும் கடமையைப் பெரும்பாலும் அதிகாரியின் தலையில் வைக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டியது நகர விற்பனைக் குழு. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. பதிவான வியாபாரிகளின் பெயர், இடம், தொழில், வகை எல்லாவற்றையும் அவ்வப்போது திருத்திய ஏடாக அந்தக் குழு வைத்திருக்க வேண்டும், தன் செயல்பாட்டைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. 19ஆம் பிரிவைப் படித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். வியாபாரியின் பொருளைப் பறிமுதல் செய்தால், எடுத்த பொருள்களின் பட்டியலை அங்கேயே எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வியாபாரி கையில் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகும் பொருளை, கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளில்.

நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள், லாரியில் வண்டியைத் தூக்கிப் போடுவதை? பாத்திரத்தில் கொதிக்கும் சால்னாவோடு தூக்குவார்கள். யாராவது ஒரு தாளை எடுத்து “பரோட்டாக் கல் ஒன்று, எவர்சில்வர் அண்டா இரண்டு, பிசைந்த மாவு இவ்வளவு கிலோ” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைப் பார்த்ததுண்டா? எங்களோடு பேசிய வியாபாரிகளில் ஒருவர்கூட அப்படி ஒரு தாளை வாங்கியதில்லை. ஒரு மண்டல அலுவலகத்தில் போய் அந்தப் பட்டியல் படிவம் எங்கே என்று கேட்டோம். “அப்படி எல்லாம் எதுவும் வழக்கத்துல இல்லீங்க” என்று பதில் வந்தது. வழக்கத்தில் இல்லை! சட்டத்தில் இருப்பது வழக்கத்தில் இல்லை, வழக்கத்தில் இருக்கும் மாமூல் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆக, வண்டிக்காரரிடம் அட்டை எங்கே, சான்று எங்கே, தண்ணீர் எங்கே பிடித்தாய் என்று கேட்பவர்கள் அவருக்குத் தர வேண்டிய தாளைத் தருவதில்லை. பெருநகரங்களில் நடமாடும் உணவு வண்டிகளுக்குப் பதிவேடு முறைப்படுத்த வேண்டும் என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். செயலி, கியூஆர் அட்டை, ஜிபிஎஸ் என்று பேச்சு வளர்கிறது. யாருடைய பதிவேட்டை முதலில் முறைப்படுத்துவது என்பதுதான் எங்கள் கேள்வி.

கணக்கெடுப்பின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறோம். எடுக்க வருகிறவர்கள் பகல் பதினொரு மணிக்கு வருகிறார்கள். பரோட்டா வண்டி மாலை ஆறு மணிக்குத்தான் தெருவுக்கு வரும். இட்லிக்கார அம்மா ஒன்பதரைக்கெல்லாம் பாத்திரம் கழுவிவிட்டுப் போயிருப்பார். நிலையான கடைக்காரர் பட்டியலில் ஏறுகிறார், நடமாடும் வியாபாரி விடுபடுகிறார். சட்டம் நடமாடும் வியாபாரி என்று தனி வகையே வைத்திருக்கிறது. அந்த வகையைத் தேடிப் போகும் நேரம் மட்டும் யாரிடமும் இல்லை. இதன் விலை என்ன என்பது கொரோனா காலத்தில் தெரிந்தது. 2020 ஜூனில் ஒன்றிய அரசு பிஎம் ஸ்வநிதி கடனை அறிவித்தது. முதல் தவணை 10,000 ரூபாய். சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதவர் பரிந்துரைக் கடிதம் வாங்கி வர வேண்டும். கடிதத்துக்கு அலைந்தவர்களில் பலர் கடைசியில் தண்டல்காரரிடமே போனார்கள்.

தண்டல் அட்டையை மாணவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அகல அட்டை, கட்டம் கட்டமாக இருக்கும். பத்தாயிரம் கடன் என்று பெயர். கையில் வருவது ஒன்பதாயிரம் அல்லது அதற்கும் கீழே. தினம் நூறு ரூபாய், நூறு நாள். ஒவ்வொரு மாலையும் பைக்கில் வருகிறவர் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மழை பெய்தாலும், கடை போடாவிட்டாலும் கட்டம் காத்திருக்கும். இந்த நகரத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரரின் தொழிலைப் பற்றி நாள் தவறாமல் எழுதப்படும் ஒரே ஆவணம் அதுதான். அவர் எத்தனை வருடமாக அங்கே கடை போடுகிறார் என்பதற்கு அரசிடம் சாட்சி இல்லை. வட்டிக்காரரிடம் இருக்கிறது. ஒரு அக்கா பழைய தண்டல் அட்டைகளை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு டிபன் டப்பாவில் வைத்திருந்தார். “இத காட்டினா சீட்டு குடுப்பாங்களா தம்பி?” என்று கேட்டார். நாங்கள் அவற்றைப் படம் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தோம். ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது பெயருக்கு வருவோம். அந்தப் பரோடா ரெஜிஸ்டருக்கு.

தமிழகத்தில் உணவுக்கும் பெயர்ப்பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1941 வரை ரயில்வே நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் இயக்கத்தினர் மறியல் தொடங்கினார்கள். பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி. மாதக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கில் கைதானார்கள், 1958இல் அந்தச் சொல் போனது. சமைத்தவர் யார் என்று பலகையில் எழுதுவது விற்பனை உத்தியாக இருந்த காலம் அது. அதற்கு மறுபக்கமும் உண்டு. உயர்ந்த சாதியின் பெயர் பலகையில் இருந்தால் கூட்டம் வரும். நம் பெயர் இருந்தால் வந்த கூட்டமும் திரும்பும். டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர் வைத்த ஊரில், நாம் டீக்கடை வைத்தால் டம்ளரே வேண்டாம் என்று போவார்கள். நகரத்துத் தள்ளுவண்டி நமக்குக் கொஞ்சமாவது சாத்தியமானதற்கு ஒரு காரணம், அந்த வண்டிக்குப் பெயர் இல்லை என்பது. பசி வேகத்தில் வருகிறவன் ருசியைப் பார்க்கிறான். யார் என்று கேட்பதில்லை.

2024 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் முசாபர்நகர் போலீஸ் ஓர் உத்தரவு போட்டது. கன்வர் யாத்திரை போகும் வழியில் உள்ள சாப்பாட்டுக் கடைகள், வண்டிகள் எல்லாம் உரிமையாளர் பெயரை எழுதிவைக்க வேண்டும். பிறகு மாநிலம் முழுக்க யாத்திரை வழிகளுக்கு அது நீண்டது, உத்தராகண்டிலும் வந்தது. குறி முஸ்லிம்கள் மேல் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பெயர் எழுதினால் மதம் தெரியும். வட இந்தியாவில் பெயரோடு சாதியும் தெரியும் என்பதால் தலித் கடைக்காரர்களும் அதே வலையில்தான் இருந்தார்கள். ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. என்ன உணவு என்று எழுதச் சொல்லலாம், யார் கடை, யார் வேலைக்காரர் என்று எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் தெரு வியாபாரிகள் சட்டத்தின் கீழும் உள்ள அதிகாரத்தைப் போலீஸ் கையில் எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னது.

அடுத்த வருடம் அதே யாத்திரை, இந்த முறை கியூஆர் அட்டை. ஸ்கேன் செய்தால் உரிமையாளர் விவரம் வரும். 2025 ஜூலை 22 அன்று நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகாமல், சட்டப்படி உள்ள லைசென்ஸையும் பதிவுச் சான்றையும் கடைகளில் வைக்கட்டும் என்று முடித்துக்கொண்டது. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, அந்தப் பதிவுச் சான்று. அதில் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. முன்வாசல் வழியாக நிறுத்தப்பட்டது பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

இங்கே நமக்குச் சாதிப் பின்னொட்டு இல்லை, அதனால் பயம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. முகவரியைப் பாருங்கள். ‘காலனி’ என்ற சொல் ஒன்று போதும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது சும்மா இல்லை. உணவின் பெயரே போதும் என்பதும் நமக்குத் தெரியும். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றானபோது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் அது பாகுபாடு என்று ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2025 ஜனவரியில் கோவையில் சாலையோரம் பீஃப் பிரியாணி விற்ற ஒரு தம்பதி மிரட்டப்பட்டார்கள், வழக்குப் பதிவானது. எங்களுக்குத் தெரிந்த வண்டி ஒன்றில் ‘சில்லி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தச் சில்லி என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும்.

சிக்கலான இடம் இனிமேல்தான் வருகிறது. பெயரையும் சாதியையும் எங்கேயும் எழுதாதே என்று நாம் சொல்ல முடியுமா? முடியாது. அதே 2014 சட்டத்தின் 7ஆம் பிரிவு, சான்றிதழ் கொடுப்பதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மையினர் உள்ளிட்டோருக்கு முன்னுரிமை என்கிறது. 22ஆம் பிரிவு, விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதியினருக்கு உரிய இடம் என்கிறது. எழுதாவிட்டால் இந்த முன்னுரிமை எப்படி வரும்? எந்த நகரத்தில் எத்தனை தலித் பெண்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. கலம் காலியாக இருப்பதால் கேள்வியும் காலியாகப் போகிறது.

நாங்கள் பல கூட்டங்களில் விவாதித்து வந்து சேர்ந்த இடம் இது: சாதி அலுவலக ஏட்டில் இருக்கட்டும், வண்டியில் வேண்டாம். வண்டியில் ஒரு எண் போதும். அதிகாரி அந்த எண்ணை வைத்து ஏட்டைப் பார்த்துக்கொள்ளலாம். சாப்பிட வருகிறவருக்கு உணவு எப்போது சமைத்தது என்று தெரிந்தால் போதும். சமைத்தவரின் தகப்பன் பெயர் தேவையில்லை. எண்ணிக்கைகளை, வார்டு வாரியாக, சாதி வாரியாக, பெண்கள் எத்தனை என்று வெளியிட வேண்டும். ஆள் விவரம் வெளியே போகக் கூடாது.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். கலிஃபோர்னியாவில் தெருவில் டாக்கோ விற்பவர்களில் பெரும்பகுதி குடியேறிய மக்கள். அவர்களுக்குப் பயம் குடிவரவுப் போலீஸ். 2018இல் அந்த மாநிலம் தெரு விற்பனையைக் குற்ற நடவடிக்கையிலிருந்து விடுவித்தது. அனுமதி வாங்க விண்ணப்பம் கொடுத்தால் அந்தக் காகிதமே தங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று பலர் ஒதுங்கினார்கள். 2025இல் இன்னொரு சட்டம் வந்தது: உள்ளாட்சி அமைப்பு வியாபாரியின் குடியுரிமை நிலையைக் கேட்கக் கூடாது, விரல்ரேகை கேட்கக் கூடாது, நீதிமன்ற ஆணை இல்லாமல் அவருடைய விவரத்தைக் கைமாற்றக் கூடாது. ஏடு எழுதுகிறவனுக்கு வரம்பு போடும் சட்டம் அது. நம்மிடம் 2023இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தது. அரசுக்கு அதில் தாராளமாக விலக்கு. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவையும் திருத்தி, தனிநபர் விவரம் என்று சொல்லித் தகவலை மறுப்பதை எளிதாக்கிவிட்டார்கள். வியாபாரியின் விவரம் போலீசுக்குத் திறந்திருக்கும், விற்பனைக் குழுவின் பட்டியல் நமக்கு மூடியிருக்கும் என்ற நிலை.

உணவுப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு முதலில் படுப்பது நம் வீட்டுப் பிள்ளை. ஆனால் 2023இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்டு ஒரு பள்ளிச் சிறுமி இறந்தது தள்ளுவண்டியில் வாங்கியதால் அல்ல, அது ஓர் உணவகம். அதற்கு முன்பே, 2023 ஜனவரியில், கேரளம் பார்சல் உணவுக்கு ஒரு விதி கொண்டுவந்தது: எப்போது தயாரித்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்ற சீட்டு ஒட்ட வேண்டும். எங்களுக்குப் பிடித்த பதிவேடு அது. ஒரு சிறு சீட்டு, நேரம் மட்டும். சாப்பிடுகிறவரைக் காக்கும், சமைப்பவரைக் காட்டிக்கொடுக்காது. எண்ணெய் மாற்றிய நாள், தண்ணீர் பிடித்த இடம் இரண்டையும் ஒரு சிலேட்டில் எழுதித் தொங்கவிடச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவருக்குப் பேத்தி எழுதிக் கொடுப்பாள். அதோடு மாநகராட்சியும் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தெருமுனையில் வைக்கட்டும். தண்ணீர் தராமல் தண்ணீர்க் கணக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் வார்டில் மாலை ஆறு முதல் பத்து வரை, காலை ஐந்து முதல் ஒன்பது வரை வண்டிகளை எண்ணுங்கள். மாநகராட்சிப் பட்டியலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பெயர் கேட்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். வேறுபாடு எவ்வளவு என்று தெரிந்தால் அடுத்த கணக்கெடுப்பின் நேரத்தை மாற்றச் சொல்லி விற்பனைக் குழுவில் மனு வைக்கலாம். குழுத் தேர்தல் நடக்காத நகரங்களில் அதையே முதல் கோரிக்கையாக வைக்கலாம்.

19ஆம் பிரிவின்படியான பறிமுதல் பட்டியலை ஒரு புத்தகமாக அச்சடித்திருக்கிறோம். தாளுக்கு இரண்டு பிரதி, நடுவில் கார்பன். பொருள், எண்ணிக்கை, எடுத்த நேரம், எடுத்தவர் பெயர், பதவி, கையெழுத்து. லாரி வரும்போது வியாபாரி இதை நீட்டி, “எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க சார்” என்று சொல்லட்டும். மறுத்தால் மறுத்த நேரத்தையும் லாரி எண்ணையும் அதிலேயே குறித்துக்கொள்ளலாம். வாசலில் மேசைமேல் அடுக்கி வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொண்டு போய் உங்கள் தெருவில் கொடுங்கள்.